புலாய் மலையில் ஒரு கல்யாணப் படம்

ஜொகூரில் நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் ஹூஜான். மழை என்று அர்த்தம். இரண்டாவது சொல் லாகி. இன்னும் என்று அர்த்தம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு புலாய் மலையில் ஒருவன் ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்தலாம். காலையில் கதவைத் திறந்ததும் முதல் சொல், மத்தியானம் இரண்டாவது சொல். வேறு பேச்சுக்கு அங்கே அவசியமே வராது.

நான் நாகப்பட்டினத்தில் படம் பிடிக்கிறவன். கடைத்தெருவில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சின்ன ஸ்டூடியோ. வெயில் இருந்தால் தொழில், இல்லாவிட்டால் தூக்கம். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, முகங்களுக்குத்தான் பஞ்சம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை பிடித்துக்கொண்டு அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். இந்த நிலைமையில்தான் அக்கா புருஷன் அந்தோணி அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. அவர் புலாய் மலைச் சரிவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஓர் ஆசை வந்திருக்கிறதாம். மரம், கொட்டகை, ஆட்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துப் பெரிய ஆல்பமாக்கிச் சீமையில் இருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். "உடனே புறப்படு மாப்ளே. உன் அதிர்ஷ்டம் இங்கே மலை மேலே உட்கார்ந்திருக்கு" என்று எழுதியிருந்தார்.

அதிர்ஷ்டத்தைப் பார்க்கக் கப்பலேறினேன். கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதில் நான் சாப்பிட்ட எதுவும் என்னிடம் தங்கவில்லை.

பெக்கான் நானாஸ் பக்கத்திலிருந்து மலையடிவாரம் போக அன்னாசி ஏற்றிய லாரி ஒன்றுதான் கிடைத்தது. சீன டிரைவர் பழங்களின் மேல் ஒரு சாக்கை விரித்து ஏறி உட்காரச் சொன்னார். அன்னாசிக்கு எவ்வளவு முள் உண்டு, சாக்கு எவ்வளவு மெல்லியது என்பதெல்லாம் முதல் பள்ளத்திலேயே தெரிந்துவிட்டது. படப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மடிக்குக் கீழே நடப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் போய்க்கொண்டிருந்தேன். வழியில் லாரி சேற்றில் இறங்கிவிட்டது. எங்கள் ஊர் வண்டிக்காரன் என்றால் மாட்டை, வண்டி செய்த ஆசாரியை, ஏறின என்னை, எல்லோரையும் வரிசையாகத் திட்டியிருப்பான். இவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்து "அலமாக்" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். பிறகு கத்தியை எடுத்து ஒரு பழத்தைச் சீவி, உப்பும் மிளகாயும் தொட்டு எனக்கு நீட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் லாரிக்கடியில் குந்திக்கொண்டு தின்றோம். அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

அடிவாரத்திலிருந்து நடை. அத்தான் அனுப்பியிருந்த இரண்டு மலாய்க்காரர்கள் என் பெட்டிகளைக் காண்டாக் கம்பு என்கிற தோள்தடியில் கட்டி ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டார்கள். போகும் வழியில் அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கூட வந்த தோட்டத்து ஆளைக் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. பொட்டியில பொணமான்னு அவன் கேக்கிறான். பொணம் இவ்வளவு கனக்காதுன்னு இவன் சொல்றான்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓடையின் மேல் போட்டிருந்த மரக்கட்டை வழுக்கி, பின்பக்கத்து ஆள் உட்கார்ந்துவிட்டான். திரைச்சீலை வைத்திருந்த நீளப் பெட்டி தண்ணீரில் விழுந்தது. மாடிப்படி, பளிங்குத் தூண், பூந்தொட்டி எல்லாம் வரைந்த சீலை அது. கும்பகோணத்தில் சொல்லி எழுதி வாங்கியது. பிரித்துப் பார்த்தபோது தூண்கள் ரோஸ் நிறத்தில் உருகி ஓடையோடு போய்க்கொண்டிருந்தன. கரையில் நின்று என் அரண்மனை ஜொகூர்க் கடலுக்குப் போவதைப் பார்த்தேன்.

லூர்து அக்கா என்னைக் கண்டதும் அழுதாள், பிறகு என் கால்களைக் கண்டு சிரித்தாள். இரண்டு முழங்காலிலும் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றின் மேல் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருக்கும்போதே அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ளே, ஒரு சின்ன சங்கதி."

"என்ன அத்தான்?"

"ரப்பர் வெலை விழுந்துபோச்சு. நீ கப்பல்ல வர்றப்பதான். ஆல்பம் வேணாம்னு தொரை சொல்லிட்டாரு."

மறுநாள் நானே போய்த் துரையைப் பார்த்தேன். நீண்டு மெலிந்த மனிதர். மழையில் நனைந்த நாய் ஒன்று காலடியில் கிடந்தது. தோட்டத்து ஆட்களிடம் படித்த தமிழ் அவருக்கு. "நீ போட்டோக்காரன். நான் கூப்பிட்டது. சரி. இப்ப கம்பெனிக்கு மரம் பாக்க ஆசை இல்லே. மரம் பாத்தா அழும். நீ வீட்டுக்குப் போ" என்றார். கோபமில்லாமல், ஆறுதல் சொல்வதுபோல்தான் சொன்னார். போவதற்கு எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று ஓடைக்கட்டையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை விடட்டும் என்றார்கள். எப்போது விடும் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

இப்படியாக நான் அந்த மலையில் குடியேறினேன்.

நாகப்பட்டினத்து மழை வரும், அடிக்கும், போகும். போன பிறகு நாலு பேர் தெருவில் நின்று அதைப் பற்றிப் பேசலாம். புலாய் மலை மழை போவதே இல்லை. அது நின்ற பிறகும் கித்தா என்கிற ரப்பர் மரங்களிலிருந்து தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். என் தோல் பெட்டியில் பூஞ்சணம் பச்சையாக மயிர்போல வளர்ந்தது. காலுறைகளில் வளர்ந்தது. லென்சின் ஓரத்தில் சிலந்திக்கூடு மாதிரி மெல்லிசாக ஒன்று பிடித்தது. தினமும் அதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, என் கண்ணில் வளர்வதற்கு முன் ஊர் போய்ச் சேரவேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

சாப்பாடு சோறும் கருவாடும். மாறுதலுக்குக் கருவாடும் சோறும். சில நாள் அக்கா மரவள்ளிக் கிழங்கை அவித்து பிளாச்சான் சம்பலோடு வைப்பாள். பிளாச்சான் என்பது இறாலை அழுகவிட்டு இடித்துச் செய்வது. முதல் நாள் அதன் வாடைக்கு வீட்டை விட்டு வெளியே ஓடினேன். பத்துப் பதினைந்து நாளில், அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. மனிதன் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறான் என்று என்னைப் பார்த்து நானே வருத்தப்பட்டேன்.

படம் கழுவ இருட்டறை வேண்டும். கிராணி வீடு தூண்களின் மேல் நின்றது, கீழே கோழிக்கூடு. மலையிலேயே இருட்டான இடம் அதுதான் என்று அக்கா சொன்னாள். இடுக்குகளில் சாக்கை அடைத்துவிட்டு உள்ளே புகுந்து சிவப்பு விளக்கை ஏற்றினேன். உடனே சேவல் கூவியது. சூரியன் உதித்துவிட்டதென்று அதன் நினைப்பு. விளக்கைத் துணியால் மூடினால் கோழிகள் எல்லாம் அடங்கித் தூங்கும். திறந்தால் மறுபடி விடியும். ஒரு படத்தைக் கழுவி முடிப்பதற்குள் அந்தச் சேவலுக்குப் பல நாட்கள் கழிந்துவிடும். சில வாரங்களில் அது கூவுவதையே நிறுத்திவிட்டது. பகலிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதைக் குழம்பு வைத்தாள். எனக்குத் தின்ன மனம் வரவில்லை. தின்றேன்.

ஆல்பம் இல்லாவிட்டாலும் முகங்களுக்கு அங்கே குறைவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்ப, தோட்டத்து ஜனங்களுக்குப் படம் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் நிபந்தனை ஒன்று: கோட்டுப் போட்டிருக்க வேண்டும். மலை முழுக்க இருந்தது ஒரே கோட்டு, என்னுடையது. ஒல்லியானவனுக்கு முதுகுப்பக்கம் குண்டூசி குத்தி இழுத்துப் பிடித்தேன். பருத்தவனுக்குப் பின் தையலைப் பிரித்துவிட்டேன். படத்தில் முன்பக்கம் மட்டும்தானே தெரியும். திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் படங்களைப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்தால் ஜொகூர் சர்க்கார் எல்லோருக்கும் ஒரே கோட்டுத் தைத்துக் கொடுக்கிறது என்று நினைப்பார்கள்.

பாக்கியத்தை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். நடு வயதுக்காரி, புல் வெட்டுகிற வேலை. படத்துக்கு நின்ற ஒருவன் கோட்டின் பொத்தானைப் போடத் தெரியாமல் விழிக்க, அவள் வந்து போட்டுவிட்டு, "சிரிடா. செத்தவன் மாதிரி நிக்காத. ஒங்க ஆத்தா பயந்துரும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"உனக்கு ஒரு படம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"யாருக்கு அனுப்பறதுங்கையா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான்.

அவளுடைய முதல் புருஷன் அவளோடு கப்பலேறி வந்து, இந்த மலையிலேயே காய்ச்சலில் போய்விட்டான். அவன் வீட்டார் இவள் ராசிதான் அவனைக் கொன்றது என்று சொல்லி அனுப்பினார்கள். பெற்றவர்கள் இல்லை. பிறகு செல்லமுத்து என்கிற, ரப்பர்ப் பாலுக்கு மரம் சீவுகிறவர், மாரியம்மன் கோயிலில் வைத்து அவளுக்கு மஞ்சள் கயிறு கட்டினார். அவர் வேறு சாதி, அவள் வேறு சாதி. தோட்டத்து ஜனங்கள் அதைப் பேசிப் பேசிச் சலித்து விட்டுவிட்டார்கள். ஐந்தாறு வருஷமாக கூலிகள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில் இருவரும் குடித்தனம். ஆனால் தோட்டத்துப் பெயர்ப் பதிவில் மட்டும் அவர் தனியாள், அவள் விதவை. முன்பிருந்த கிராணி எழுதியது அப்படியே நின்றுவிட்டது. அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை, அந்த மாதம் வரைக்கும்.

மழை கொஞ்சம் தணிந்த ஒரு காலையில், ஆட்களைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் துரை நாயோடு வந்து நின்றார். விலை இன்னும் விழுந்திருந்தது. ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றச் சொல்லிக் கம்பெனி உத்தரவு. முதலில் புருஷன் இல்லாத பெண்கள், பிறகு சீக்காளிகள். அத்தான் பெயர்களைப் படித்தார். பாக்கியம் பெயர் வந்ததும் செல்லமுத்து முன்னால் வந்தார். கூச்ச சுபாவம் உள்ள மனிதர். அவர் குரலை நான் அன்றுவரை கேட்டதில்லை.

"தொரை, அது என் சம்சாரமுங்க."

துரை அத்தானைப் பார்த்தார். அத்தான் பதிவைப் பார்த்தார்.

"இங்கே தனி ஆள் எழுதியிருக்குது. இப்ப எல்லாரும் வந்து புருஷன் பொஞ்சாதி சொல்லும்" என்றார் துரை. "கல்யாணம் பண்ணா படம் இருக்கும். எனக்கு இருக்குது, மேசை மேலே. உனக்கு எங்கே?"

செல்லமுத்துவுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "இருக்குங்க தொரை. பொட்டியில இருக்கு" என்றார்.

"நல்லது. கொண்டா. ஞாயித்துக்கிழமை பாக்குது."

துரை போனார். களத்தில் இருந்த அத்தனை தலைகளும் மெல்லத் திரும்பின. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அத்தான் அன்று சாப்பிடவில்லை. "எனக்கு வேல போயிரும் லூர்து. இது பொய்ப் படம் லா. தொரைக்குத் தெரிஞ்சா என்னையும் அடுத்த கப்பல்ல ஏத்திருவாரு" என்று கூடத்தில் மேலும் கீழும் நடந்தார்.

அக்கா மீன் அலசிக்கொண்டிருந்தாள். "எது பொய்? கயிறு கட்டினது பொய்யா? நாமதான நின்னு பாத்தோம். அன்னிக்கு இவன் இங்க இல்ல, அவ்வளவுதான். இருந்திருந்தா எடுத்திருப்பான்" என்றாள். அத்தான் நடப்பதை நிறுத்தினார். நான் பிளேட் எடுக்க எழுந்தேன்.

படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டுகளை ஈரம் படாமல் இருக்க அக்கா அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால், கரப்பான் பூச்சிகள் பெட்டிக்குள் புகுந்து பிளேட்டின் மேல் பூசியிருக்கும் வஜ்ஜிரப் பசையை மேய்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து பாதை போட்டிருந்தன. எல்லாவற்றையும் கோழிக்கூட்டில் தடவித் தடவிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று நலுங்காமல் தேறியது. அதிலும் மூலையில் சந்தேகம்.

ஐந்தாறு வருஷத்துக்கு முந்திய கல்யாணத்தை ஒரே பிளேட்டில் நடத்த வேண்டும். தோட்டமே கிளம்பிவிட்டது. என் கோட்டு கூடாது என்று முதலிலேயே தீர்மானமாயிற்று. அந்தக் கோட்டில் துரை பாதித் தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். அத்தான் முனகிக்கொண்டே தன் கல்யாணச் சட்டையைக் கொடுத்தார். அக்கா தன் பட்டுப் புடவையைக் கொடுத்தாள். செல்லமுத்துவின் நரைத்த காதோரத்தில் ஒருவர் அடுப்புக்கரியைத் தேய்த்தார். மாலைக்கு மலையில் பூ இல்லை. இலையும் காட்டுச்செடிக் கொத்தும் வைத்துக் கட்டினார்கள். சாயம் போன என் அரண்மனைச் சீலையை இரண்டு மரங்களுக்கிடையே கட்டினோம். தூண்களெல்லாம் கரைந்து மேகம்போல ஆகியிருந்த அது, ஒழுங்காக இருந்த நாளைவிட அழகாக இருந்தது.

எல்லாம் ஆயிற்று. வெளிச்சம் வரவில்லை. காலையிலிருந்து பனிமூட்டம் மலையை விட்டு இறங்கவில்லை. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். ஒருமுறை வெளியே வந்தபோது செல்லமுத்து ஆடிக்கொண்டிருந்தார். பயம் என்று நினைத்தேன். பயமில்லை, குளிர்காய்ச்சல். அவருக்கு நாள் தவறாமல் அந்த வேளைக்கு வருவதாம். யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பல்லும் முழங்காலும் அடித்துக்கொண்டன. அந்த மங்கலில் என் லென்சை வெகுநேரம் திறந்து வைக்கவேண்டும். அசைந்தால் படத்தில் மாப்பிள்ளை இருக்கமாட்டார், புகைதான் இருக்கும்.

"நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம" என்றார் அத்தான்.

அப்போது மூட்டம் ஓரிடத்தில் கிழிந்து வெயில் விழுந்தது. பாக்கியம் மாலைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "என்னப் பாருங்க. அங்க பாக்காதீங்க. என்னப் பாருங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். நடுக்கம் நின்றது. எப்படி நின்றது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் மூடியைக் கழற்றி, மெல்ல எண்ணி, மறுபடி மாட்டினேன். மாட்டிய மறு நிமிஷம் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து உதற ஆரம்பித்தார். மழையும் உதற ஆரம்பித்தது.

கோழிக்கூட்டில், ஓடையிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த நீரில், அந்த பிளேட்டில் முதலில் மாலை தெரிந்தது. பிறகு புடவைக் கரை, பிறகு இரண்டு முகங்கள். நான் எத்தனையோ ஜோடிகளைப் படம் பிடித்திருக்கிறேன். மாப்பிள்ளை கேமராவையும் பெண் தரையையும் பார்ப்பதுதான் வழக்கம். இந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலால் செல்லமுத்துவின் முகச் சுருக்கங்களைக் கொஞ்சம் சரிசெய்தேன். பாக்கியத்தின் முகத்தில் மட்டும் கை வைக்கத் தோன்றவில்லை. அச்சு எடுத்த படத்தை அக்கா தேத்தண்ணீரில் தோய்த்து, அடுப்புப் புகையில் காட்டி, மூலைகளை மடக்கி, மேலே உட்கார்ந்து எழுந்தாள். விடிவதற்குள் அதற்கு ஐந்தாறு வயது ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை துரை படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தின் கோடியில் ஒதுங்கி நின்ற என்னைப் பார்த்தார்.

"பழைய படம். இல்லே?"

"ஆமாங்க" என்றார் செல்லமுத்து.

"நல்ல படம்" என்றார் துரை, என்னைப் பார்த்தபடியே. அத்தானைக் கூப்பிட்டு, "குடும்பம். எழுது" என்றார்.

அன்று லயத்தில் ஒரு கோழிக்குழம்பு வாசனை வந்தது. கள்ளுக்கடையில் யாரோ பாடினார்கள். பாக்கியம் என் காலைத் தொட வந்தாள். நான் விலகிப் பின்னால் இருந்த மண்வெட்டியில் இடித்துக்கொண்டேன். அந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நாள் அது. முழு நாள்கூட இல்லை, சாயங்காலம் ஹூஜான்.

பத்து நாள் போல இருக்கும். மறுபடி பெரட்டுக் களம், மறுபடி துரை. இந்தத் தடவை அவர் எங்களைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தந்தியைப் பார்த்தே பேசினார். தோட்டத்தில் பாதிக்கு மேல் மூடுகிறது கம்பெனி. தனியாட்கள் மட்டும் போதும். கூலிக் குடும்பங்கள் எல்லாம் ஊருக்கு.

அத்தான் வீட்டுக்கு வந்து எங்களுக்கு விளக்கினார், அவருக்கே விளக்கிக்கொள்வதுபோல. "ஒத்த ஆளுன்னா ஒரு ரூம்புல ஆறு பேரப் போடலாம். குடும்பம்னா தனி ரூம்பு. புள்ளைங்களுக்கு ஆயாக் கொட்டகை. எல்லாம் செலவு லா." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "நாந்தான் குடும்பம்னு எழுதினேன்" என்றார். அக்கா அலசின பாத்திரத்தையே திரும்ப அலசிக்கொண்டிருந்தாள்.

துரை கெட்டவரில்லை. செல்லமுத்து நல்ல சீவல்காரர் என்று அவருக்குத் தெரியும். ஆளனுப்பிக் கூப்பிட்டார். நானும் அத்தானும் கூட இருந்தோம். "இப்ப நீ சொல்லு, படம் பொய். போட்டோக்காரன் இங்கே வந்து எடுத்தது. நான் கோபம் இல்லே. நீ தனி ஆள், நீ இரு. அந்தப் பொம்பளை மட்டும் போகும்" என்றார். நாய் கொட்டாவி விட்டது.

செல்லமுத்து தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "படம் நெசந்தாங்க தொரை" என்றார். "ரெண்டு பேரும் போறோம்."

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார்: "ஊர்ல எங்கய்யா போவ? ஒங்க வீட்ல அவளச் சேப்பாங்களா?"

"ஊருக்கு எதுக்குப் போறோம்? நாகப்பட்டணத்துலயே எறங்கி ஒரு வெத்தலபாக்குக் கட போட்டுருவோம். யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா ஊருதான. பாத்துக்க மாட்டீங்களா?" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நானும் அவர்களோடுதான் கப்பலேறினேன். பிளேட் இல்லை, சீலையில் தூண் இல்லை, கோட்டில் பின் தையல் இல்லை. புறப்பட்ட அன்று மலை மேல் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நான் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெயிலைப் பார்த்ததில்லை. படம் பிடிக்க அதைவிட நல்ல வெளிச்சம் உலகத்தில் கிடையாது. ஒன்றும் பிடிக்காமல் இறங்கினேன்.

கப்பல் தளத்தில் எங்கும் தோட்டத்து ஜனங்கள். சட்டிபானை, பாய், பிள்ளைகள், வாந்தி. பாக்கியமும் செல்லமுத்துவும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்குக் காய்ச்சல் வரும் வேளையில் அவள் அவரைப் போர்த்தி அவர் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். விட்ட பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கடைக்கு எந்தத் தெரு நல்லது, சுருட்டும் வைக்கலாமா, சோடாவும் வைக்கலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார் அவர். மலையில் வாயே திறக்காத மனிதர் கடலில் இத்தனை பேசினார்.

நாகப்பட்டினம் கரையில் கூட்டம் நெரித்தது. தோட்டங்கள் மூடுகிற சேதி கேட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் ஊர் ஊராக ஜனங்கள் வந்து நின்று முகங்களைத் தேடினார்கள். நாங்கள் சுங்கக் கொட்டகையைத் தாண்டவில்லை, "செல்லமுத்து! டேய், செல்லமுத்து!" என்று ஒருவர் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணன். இருவருக்கும் ஒரே மூக்கு. தம்பியைக் கட்டிக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். "எத்தன கப்பலுக்குடா வந்து நின்னேன். ஆத்தா படுத்த படுக்கையா கெடக்குது. ஒம் பேரச் சொல்லிச் சொல்லித்தான் உசிரப் புடிச்சுக்கிட்டு இருக்குது. வாடா, இப்பவே போவோம்." தம்பியும் அழுதார். வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

பிறகு அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பியின் மூட்டையைத் தூக்கியவர், மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற பாக்கியத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

செல்லமுத்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணனின் ஈரக் கண்களைப் பார்த்தார். துரையின் முன்னால் தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்ற அதே மனிதர்தான்.

"தோட்டத்துல பக்கத்து ரூம்புக்காரங்க" என்றார்.

பாக்கியம், அண்ணன் தூக்கிய மூட்டையில் தன் புடவையும் இருந்ததால், அதை அவிழ்த்து, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தாள். செல்லமுத்து குனிந்து அவளிடம் மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னார். ரெண்டு நாள் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு அண்ணன் தோளில் கை போட்டுக்கொள்ள, கூட்டத்துக்குள் போய்விட்டார். திரும்பிப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.

அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ரெண்டு நாள் ஆயிற்று, ரெண்டு மாதமும் ஆயிற்று. ஆத்தா இறந்திருக்கலாம், இருக்கலாம். ஒருமுறை அந்த ஊர்ப் பக்கம் போகிற ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. என் மனைவி அவளை எங்களோடேயே இருக்கச் சொன்னாள். பாக்கியம் கேட்கவில்லை. கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போனாள். அங்கேயே ஒரு குடிசையில் தங்கிக்கொண்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் நடந்து போனேன். வெயில் கொளுத்தியது, மணலெல்லாம் மீன். அவள் என்னைக் கண்டு எழுந்து வந்தாள்.

"ஐயா, அங்கிட்டு ஆளு எடுக்கிறாங்களா?"

"எங்கே?"

"மலைக்குத்தான்."

எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வருகிற கப்பல்கள் நிறைந்து வருகின்றன. போகிறவை காலியாகப் போகின்றன. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"விசாரிங்க" என்றாள். பிறகு போய் உட்கார்ந்து, மீன்களின் காய்ந்த பக்கத்தைக் கீழே போட்டு, ஈரப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள்.